பாதிப் பணம் வரவில்லை, என் ஓவியம் மட்டும் ஏ.ஐ. வழியாகப் புது லேபிள் ஆகிவிட்டது: எனக்கு என்ன உரிமை?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

குன்னூரில் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை, பில் புக் வேலைகளில் தொடங்கியவர் இவர். இப்போது வீட்டிலிருந்தே டிசைன் செய்கிறார். ஹோம்ஸ்டே பலகை, யூகலிப்டஸ் தைல பாட்டில், சாக்லேட் டப்பா, தேயிலை பாக்கெட் என்று மலையில் விற்கும் பொருள்கள்தான் இவருடைய பிழைப்பு. கோவையில் அலுவலகமும் குன்னூரில் பாக்கிங் கூடமும் வைத்திருக்கும் ஒரு தேயிலை நிறுவனத்துக்கு ஐந்து லேபிள்கள் செய்து கொடுத்தார். எல்லாம் போனில் பேசி முடித்தது. மொத்தம் 60,000 ரூபாய், அட்வான்ஸ் 20,000. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கும் தேயிலைச் சரிவுதான் லேபிளின் மையப் படம். அதை இவர் 2020 ஊரடங்கின்போது தன் ஸ்கெட்ச் புத்தகத்தில் வாட்டர்கலரில் வரைந்து, இன்ஸ்டாகிராமிலும் போட்டிருந்தார். அந்தப் படம் பிடித்துப்போய்த்தான் நிறுவனமே இவரைத் தேடி வந்தது.

"பிரஸ்ஸுக்கு வேணும்" என்று கேட்டதும் ஓப்பன் ஃபைலையும் (யாரும் திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைல்) கொடுத்துவிட்டார். எட்டு மாதமாகிறது, பாக்கி 40,000 வரவில்லை. இதற்கிடையில் அதே நிறுவனத்தின் ஒன்பது புதிய பாக்கெட்டுகள் கடைகளுக்கு வந்துவிட்டன. முதலாளியின் மகன் இவருடைய லேபிள்களை ஒரு ஏ.ஐ. செயலியில் ஏற்றி உருவாக்கியவை அவை. கேட்டதற்கு வந்த பதில்: "பணம் கொடுத்தாச்சு, ஃபைல் எங்ககிட்ட இருக்கு, டிசைன் எங்களுது. ஏ.ஐ. போட்டதுக்கு யாரும் ஓனர் கிடையாது. அதோட முப்பது பர்சென்ட் மாத்தியாச்சு."

இதோடு வேறு மூன்று கேள்விகளும் கேட்டிருக்கிறார். தானும் சில வேலைகளுக்கு ஏ.ஐ. பயன்படுத்துவதால் தன் உரிமை போய்விடுமா? ஊட்டியில் ஒரு பரிசுப்பொருள் கடைக்காரர், ஏ.ஐ.யில் 'தோடா பேட்டர்ன்' தயாரித்து ஸ்டோலில் (தோளில் போடும் துண்டு) பிரிண்ட் போடக் கேட்கிறார், செய்யலாமா? கோவையில் ஒரு பேக்கேஜிங் கம்பெனி மாதச் சம்பளத்துக்கு அழைக்கிறது, போய்விடலாமா?

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் "நான் எதையும் ரிஜிஸ்டர் பண்ணவில்லை, அதனால் எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஒரு ஓவியமோ டிசைனோ உங்கள் கையிலிருந்து உருவான அந்தக் கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. பதிவுச் சான்று இருந்தால் நீதிமன்றத்தில் நிரூபிக்கும் வேலை சுலபமாகும், அவ்வளவுதான். அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுதும், அதன்பின் 60 ஆண்டும் இருக்கும்.

ஃபைல் அவர்களிடம் இருக்கிறது, உரிமை?

ஓப்பன் ஃபைலைக் கொடுத்தது வேறு, உரிமையைக் கொடுத்தது வேறு. பதிப்புரிமையை ஒருவருக்கு மாற்றித் தர எழுத்து வேண்டும், அதில் உங்கள் கையெழுத்து வேண்டும். சட்டத்தின் 19-ஆவது பிரிவு இதில் கறாராக இருக்கிறது. எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்தப் பகுதி என்றெல்லாம் அந்த எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், பகுதி குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் அப்படி ஒரு காகிதமே இல்லை. ஜிபேயில் வந்த அட்வான்ஸும், "ஃபைல் அனுப்பிட்டேன் சார்" என்ற வாட்ஸ்ஆப் செய்தியும் உரிமை மாற்றம் ஆகாது.

அதற்காக அவர்களுக்கு ஒரு உரிமையும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். லேபிளுக்காகவே செய்து கொடுத்தீர்கள், அட்வான்ஸ் வாங்கினீர்கள். அந்த ஐந்து லேபிள்களை அவர்கள் பாக்கெட்டில் ஒட்டி விற்க உங்கள் சம்மதம் இருந்ததாகத்தான் எந்த நீதிமன்றமும் கொள்ளும். வாடகைக்கு வீடு எடுத்தவர் அதில் குடியிருக்கலாம், மேல்மாடி கட்டி உள்வாடகைக்கு விட முடியாது. அவர்கள் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

உங்களுக்குச் சாதகமில்லாத ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சுதந்திரமாக வேலை செய்யும் டிசைனரே தன் படைப்பின் முதல் உரிமையாளர் என்பது பொது விதி. 17-ஆவது பிரிவு அதற்குச் சில விதிவிலக்குகள் வைத்திருக்கிறது. காசு கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படம், வரையப்பட்ட ஓவியம் அல்லது உருவப்படம் போன்றவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவராக இருந்தால் இதைத்தான் பிடிப்பார். "லேபிளில் இருப்பது பெயிண்டிங், நாங்கள் சொல்லித்தான் வரைந்தார்" என்பார்.

இங்கேதான் உங்கள் ஸ்கெட்ச் புத்தகம் வருகிறது. மையப் படம் 2020-இலேயே வரைந்தது, அவர்கள் கேட்டு வரைந்ததல்ல. பக்கத்தின் ஓரத்தில் தேதி போட்டிருக்கிறீர்கள், அதே வாரத்தில் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றியிருக்கிறீர்கள். ஆகவே அந்தப் படம் விதிவிலக்குக்குள் வராது. மற்ற நான்கு லேபிள்களுக்காகப் புதிதாக வரைந்த சின்னச் சின்னப் படங்களில் (கொழுந்து பறிக்கும் கைகள், மூங்கில் கூடை, பழைய கெட்டில்) வாதத்துக்கு இடமிருக்கிறது. எழுத்து அமைப்பு, வண்ணத் திட்டம், லேபிளின் ஒட்டுமொத்த அமைப்பு இவற்றைப் 'பெயிண்டிங்' என்று சொல்வது கடினம், அதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. பழைய படத்தை முன்னால் வைத்து வாதத்தைக் கட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் வலுவான பகுதியும் பலவீனமாகத் தெரியும்.

"முப்பது சதவீதம்" என்ற கதை

டிசைன் உலகத்தில் இந்த முப்பது சதவீதக் கதை எப்படியோ வேர் பிடித்துவிட்டது. சட்டத்தில் அப்படி ஒரு அளவுகோலே இல்லை. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றும் வழிகாட்டி. யோசனைக்கும் கருவுக்கும் பதிப்புரிமை கிடையாது, அவை வெளிப்பட்ட விதத்துக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்க்கும் சாதாரண மனிதருக்கு 'இது அதிலிருந்து எடுத்ததுதான்' என்று ஐயமில்லாமல் தோன்றினால் அது நகல்.

இது உங்களுக்கு உதவவும் செய்யும், உங்களைக் கட்டுப்படுத்தவும் செய்யும். நீங்கள் அனுப்பிய ஒன்பது பாக்கெட் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறில் இருப்பது பனிமூட்டம், பச்சைச் சரிவு, வாட்டர்கலர் போன்ற ஒரு பூச்சு. பாணி உங்களுடையதுபோல இருக்கிறது, ஆனால் பாணிக்கு உரிமை கோர முடியாது. நாளைக்கு வேறொரு ஓவியர் தேயிலைச் சரிவை வாட்டர்கலரில் வரைந்தால் நீங்கள் தடுக்க முடியாதல்லவா, அதே நியாயம்தான். இந்த ஆறையும் விட்டுவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். விட்டால்தான் மற்ற மூன்று நிற்கும்.

அந்த மூன்றில் உங்கள் மரங்கள் அதே வரிசையில் நிற்கின்றன. இடப்பக்கம் சாய்ந்த ஒரு மரம், அதன் பின்னால் இரண்டாக உடைந்து தெரியும் முகடு எல்லாம் அப்படியே. அதைவிட முக்கியமாக, இரண்டு பாக்கெட்டுகளில் வலது கீழ்மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் வழக்கமாக இரண்டெழுத்தில் ஒப்பமிடும் அதே இடத்தில் மைக் கீறல்போல ஏதோ இருக்கிறது, எந்த மொழி எழுத்தாகவும் இல்லை. ஏ.ஐ. செயலி உங்கள் ஒப்பத்தையும் படத்தின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு, கலைத்துத் திரும்ப வரைந்திருக்கிறது. உங்கள் படம்தான் உள்ளே போனது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவது பாக்கெட்டில் 'தேயிலை' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் எழுதத் தெரிந்த கை அதைத் தொடவில்லை என்பதற்கு அது ஒன்று போதும்.

"ஏ.ஐ. செய்ததற்கு ஓனர் இல்லை" என்ற வாதம் இங்கே பொருந்தாது. அந்தப் படத்துக்கு அவர்கள் உரிமை கொண்டாட முடியுமா என்பது ஒரு கேள்வி. அதற்குள் உங்கள் படம் அனுமதியின்றி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை 'இல்லை' என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டாவது அப்படியே நிற்கிறது. ஒரு கலைப்படைப்பை எந்த வடிவத்திலும் மறுபதிப்புச் செய்வதும், மின்னணு முறையில் சேமித்து வைப்பதும், மாற்றியமைப்பதும் உரிமையாளருக்கு மட்டுமே உரியவை என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. பேனாவால் நகலெடுத்தாரா, ஸ்கேனராலா, ஏ.ஐ.யாலா என்று அது பார்ப்பதில்லை.

இணையத்தில் உள்ள படைப்புகளை ஏ.ஐ. நிறுவனங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது சரியா என்ற பெரிய வழக்கு தனி. 2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன் ஏ.ஐ. மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்தது அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். உங்கள் சண்டை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட உங்கள் படத்தை ஏற்றி, அதைப் போலவே ஒன்றை எடுத்து விற்கிறார். பழைய சட்டமே இதற்குப் போதும்.

57-ஆவது பிரிவையும் மறக்காதீர்கள். உரிமையையே விற்றுவிட்டாலும், 'இதை வரைந்தது நான்' என்று சொல்லும் உரிமையும், பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் படைப்பாளியிடமே தங்கும். டெல்லியில் உள்ள அரசு மாநாட்டுக் கட்டடமான விஞ்ஞான் பவனின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசே கழற்றிப் பாழாக்கியதற்கு எதிராகச் சிற்பி அமர்நாத் சேகல் போட்ட வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. தப்புத் தமிழோடும் சிதைந்த உங்கள் ஒப்பத்தோடும் ஒரு பாக்கெட் கடையில் நிற்பது, லேபிள் செய்து பிழைக்கும் ஒருவருக்கு மானப் பிரச்சினை. அதைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம்

முதல் வேலை சாட்சியைப் பத்திரப்படுத்துவது. மூன்று பாக்கெட்டுகளையும் கடையில் பில்லோடு வாங்கி வையுங்கள். ஸ்கெட்ச் புத்தகத்தைப் பிரிக்காமல் வையுங்கள், அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து ஃபிரேம் போட்டுவிடாதீர்கள். லேயர் பிரிந்த மூல ஃபைல்களைத் திறந்து திரும்ப 'சேவ்' செய்யாமல், அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள், தேதிகள் மாறக் கூடாது. வாட்ஸ்ஆப் உரையாடல் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயாரித்துக்கொள்வார். போனை மாற்றுவதாக இருந்தால் அதற்கு முன் அவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, முகநூலில் 'திருடர்கள்' என்று எழுதிவிடாதீர்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அவதூறு வழக்கு என்று அவர்கள் திரும்பினால், நீங்கள் கேட்க வேண்டியவர் என்ற நிலை மாறி பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுவீர்கள்.

அப்புறம் நோட்டீஸ். பதிப்புரிமை மீறலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, போலீசுக்குப் போகலாம்தான். நான் அதை முதல் படியாகச் சொல்லமாட்டேன். மலையில் தேயிலை வியாபாரம் செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அடுத்த ஆர்டர் உங்களுக்கு இவர்களுடைய உறவினரிடமிருந்தோ நண்பரிடமிருந்தோதான் வரும். நிதானமான ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும். அதில் மூன்று விஷயங்கள் கேளுங்கள்: பாக்கி 40,000 வர வேண்டும்; மூன்று பாக்கெட்டுகளையும் நிறுத்த வேண்டும் அல்லது அவற்றுக்குத் தனிக் கட்டணம் தந்து எழுத்துப்பூர்வ உரிமம் பெற வேண்டும்; தமிழ்ப் பிழைகள் திருத்தப்பட வேண்டும். அச்சடித்த கையிருப்பு தீரும்வரை விற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வழியைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் பேச்சுக்கு வருவார்கள்.

செலவை நினைத்துத் தயங்குகிறீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆவது பிரிவின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு விஷயத்தை எடுத்துப் போகலாம். அங்கே சமரசமானால் அந்த உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. உங்கள் நிலைக்கு இதுதான் ஏற்ற வழி என்று நினைக்கிறேன்.

சமரசம் ஆகாவிட்டால் பதிப்புரிமை வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். அவர்கள் அலுவலகம் கோவையில் இருப்பதால் கோவைக்கு அலைய வேண்டும் என்று பயப்படுகிறீர்கள். தேவையில்லை. வழக்குத் தொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே தொடுக்க 62-ஆவது பிரிவு இடம் தருகிறது. பாக்கிப் பணத்துக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு, இழுத்தடிக்க விடாதீர்கள்.

உத்யம் பதிவு (மத்திய அரசின் குறு, சிறு தொழில் பதிவு) இன்னும் செய்யவில்லை என்றால் உடனே செய்துவிடுங்கள், ஆன்லைனில் இலவசம். சிறு தொழில் என்று பதிவாகிவிட்டால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு, முறையிடத் தனி மன்றமும் உண்டு. பதிவுக்கு முந்தைய வேலைக்கு இது பொருந்துமா என்பதில் சிக்கல் இருப்பதால் இந்த 40,000-க்கு இதை நம்ப வேண்டாம். இனி வரும் வேலைகளுக்குக் கேடயமாக இருக்கும்.

நீங்களே ஏ.ஐ. பயன்படுத்தினால்

பின்னணியை நீக்க, ஓரத்தை நீட்ட, நிறம் மாற்றிப் பார்க்க ஏ.ஐ. பயன்படுத்துவதாகச் சொல்கிறீர்கள், குற்ற உணர்ச்சியோடு சொல்கிறீர்கள். அதற்கு அவசியமே இல்லை. வரைந்ததும் தேர்ந்தெடுத்ததும் அமைத்ததும் நீங்கள். கருவி மாறியதால் படைப்பாளி மாறுவதில்லை.

நாலு வரி எழுதிக் கொடுத்து, வந்த படத்தை அப்படியே லேபிளில் வைப்பது வேறு. நம் சட்டத்தில் கணினி உருவாக்கும் படைப்புக்கு 'அதை உருவாகச் செய்த நபரே' படைப்பாளி என்று 1994 திருத்தத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். இன்றைய ஏ.ஐ.யை நினைத்து எழுதிய வரி அல்ல அது. அமெரிக்காவில் 2023-இல் ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் மட்டும் பதிப்புரிமை தந்து, ஏ.ஐ. வரைந்த தனித்தனிப் படங்களுக்கு அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. மனிதப் படைப்பாளி இல்லாத படத்துக்கு உரிமை இல்லை என்று 2025 மார்ச்சில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. அவை நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வெளிநாட்டுக்குத் தேயிலை அனுப்பும் வாடிக்கையாளருக்கு நீங்கள் லேபிள் செய்தால், அந்த லேபிளை அங்கே காப்பாற்ற முடியாமல் போகலாம். அதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

பென்சில் கோட்டிலிருந்து கடைசி ஃபைல் வரை ஒவ்வொரு படியையும் சேமித்து வையுங்கள். வாடிக்கையாளரின் வெளிவராத டிசைனை இலவச ஏ.ஐ. தளத்தில் ஏற்றும் முன் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். ஏற்றுவதைத் தங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பல தளங்கள் எழுதி வைத்திருக்கின்றன. இன்னொன்று, உணவுப் பொருள் லேபிள் என்றால் உரிம எண், நிகர எடை, சைவக் குறி இவற்றை ஒருபோதும் ஏ.ஐ. எழுத விடாதீர்கள். அது இல்லாத எண்ணைக்கூட அழகாக எழுதிவிடும்.

தோடா ஸ்டோல்

இதில் என் கருத்து தெளிவானது: கேட்டபடி செய்யாதீர்கள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலால், வரைபடம் எதுவும் இல்லாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடும் வேலை அது. ஏ.ஐ.யில் எடுத்து மெஷினில் பிரிண்ட் போட்டதைத் 'தோடா' என்று பெயரிட்டு விற்றால், வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும். புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவில் அது மீறல். விற்பது கடைக்காரர் என்றாலும், டிசைன் செய்து, ஸ்டோலில் தொங்கும் அட்டையில் பெயர் போட்டுக் கொடுத்த உங்களையும் இழுப்பார்கள்.

பெயரைப் போடாமல் வடிவத்தை மட்டும் எடுத்தால்? பரம்பரை வடிவங்களுக்குத் தனிப்பட்ட பதிப்புரிமை இல்லாததால் சட்டத்தில் தப்ப வழி கிடைக்கலாம். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் படம் கேட்காமல் எடுக்கப்பட்டதற்கு இவ்வளவு வலிக்கிறது உங்களுக்கு. ஒரு ஸ்டோலுக்கு வாரக்கணக்கில் உட்காரும் பெண்களின் சந்தையை 200 ரூபாய் பிரிண்ட் என்ன செய்யும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? கடைக்காரரிடம் மாற்று யோசனை சொல்லிப் பாருங்கள். அசலான எம்பிராய்டரியை அந்தப் பெண்களிடம் வாங்கி விற்கட்டும், அதற்கான பெட்டியையும் அறிமுக அட்டையையும் நீங்கள் செய்து கொடுங்கள்.

ஸ்டோலுக்கு உங்கள் சொந்த வடிவம் ஒன்றை வரைவதானால் கவனம் தேவை. துணி அச்சு வடிவம் டிசைன் சட்டம் 2000-இன்கீழ் பதிவு செய்யத்தக்கது. பதிவு செய்யாமல் இயந்திரத்தில் 50 பிரதிக்கு மேல் போட்டுவிட்டால், அதில் பதிப்புரிமையும் போய்விடும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. பதிவுக்கு முன் இன்ஸ்டாகிராமில் போடவும் கூடாது, வெளியான டிசைன் புதுமை இழந்துவிடும். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு 5 ஆண்டு நீட்டலாம். (லேபிள்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவை டிசைன் சட்டத்துக்குள் வராது.)

இனி ஒவ்வொரு வேலைக்கும்

ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம், இருவரும் கையெழுத்திட வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

– எத்தனை டிசைன், எத்தனை முறை கரெக்‌ஷன், அதற்கு மேல் போனால் எவ்வளவு.
– எந்தப் பொருளுக்கு, எத்தனை ஆண்டுக்குப் பயன்படுத்தலாம். முழு உரிமையும் வேண்டும் என்றால் அதற்குத் தனி விலை.
– முழுத் தொகை வந்த பிறகே உரிமமும் ஓப்பன் ஃபைலும். அதுவரை பார்வைக்குக் குறைந்த அளவுப் படம் மட்டும்.
– என் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இந்த டிசைனை எந்த ஏ.ஐ. செயலியிலும் ஏற்றவோ அதை வைத்து வேறு வடிவம் உருவாக்கவோ கூடாது.
– நான் ஏ.ஐ. பயன்படுத்திய பகுதி எது.
– ஏற்கெனவே நான் வரைந்து வைத்திருந்த படங்கள் எவை, அவை என்னுடையவையே.

கடைசி வரியை எழுதத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உங்கள் ஸ்கெட்ச் புத்தகங்களின் பக்கங்களை எல்லாம் தேதியோடு படமெடுத்துப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். மையப் படத்தைப் பதிவு செய்வதும் நல்லது. சாதாரண ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், பொருள்களில் பயன்படும் கலைப்படைப்பு என்றால் 2,000. பின்னதற்கு வணிகக் குறிப் பதிவாளரிடமிருந்து சான்றும் வாங்க வேண்டியிருக்கும்.

சம்பள வேலை

போகலாமா என்பது உங்கள் குடும்பக் கணக்கைப் பொறுத்தது, அதில் நான் தலையிட முடியாது. சட்டப்படி ஒன்று மாறும். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது உருவாக்குவது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கம்பெனிக்கே சொந்தம். அதனால் நியமன ஒப்பந்தத்தில் "பணியாளரின் எல்லாப் படைப்புகளும்" என்றிருந்தால், "பணிக் காலத்தில், பணிக்காகச் செய்தவை மட்டும்" என்று திருத்தச் சொல்லுங்கள், பழைய படங்களின் பட்டியலை இணைப்பாக வையுங்கள். 'வேலையை விட்ட பிறகு இரண்டு ஆண்டு டிசைன் தொழில் செய்யக் கூடாது' என்ற வரியைக் கண்டு கலங்க வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி அது செல்லாது. வேலையில் இருக்கும்போது வெளியில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் செல்லும். உங்கள் ஹோம்ஸ்டே வாடிக்கையாளர்களை விட மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அதற்கு விலக்கு எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊட்டிக்குப் போகும் நாளில் ஸ்கெட்ச் புத்தகம், மூன்று பாக்கெட், கடை பில், ஜிபே விவரம், வாட்ஸ்ஆப் உரையாடலின் பிரதி இவற்றை எடுத்துப் போங்கள். நிறுவனத்திலிருந்து அதற்குள் யாராவது போனில் கூப்பிட்டுச் சமாதானம் பேசினால், பேசுங்கள், ஆனால் "சரி சார், பேசினதை மெசேஜில் அனுப்புகிறேன், பார்த்து ஓகே சொல்லுங்கள்" என்று முடித்து, அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.